மூட்டை விலைக்கு முன் வயிற்றைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். மணலி பக்கம் மாத்தூரில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறோம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு லிட்டர் 60 ரூபாய்க்குப் பால் ஊற்றுகிறேன். மூன்று கிடேரிக் கன்றுகள் இருக்கின்றன: ஒன்று 25 நாள், ஒன்று 4 மாதம், ஒன்று 9 மாதம். மூன்றுக்கும் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கும் வடிகஞ்சியும்தான். பெரியதுக்கு வைக்கோலும் உண்டு. கடலைப் பிண்ணாக்கு கிலோ 60 ரூபாய் ஆகிவிட்டது, கட்டுப்படியாகவில்லை. சோயா பிண்ணாக்கு 52, தேங்காய்ப் பிண்ணாக்கு 38, உளுந்தம்பொட்டு 28, பீர் ஆலை பார்லிச் சக்கை 9 ரூபாய் என்கிறார்கள். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவை வளர்த்தால் பிண்ணாக்கே வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார். அண்ணன் காசிமேட்டில் இருக்கிறார். மீன் கழிவு சும்மாவே கிடைக்கும். யூரியா கலந்தால் புரதம் ஏறுமாமே? சின்னக் கன்றுக்குப் பாலை நிறுத்திவிட்டுப் பிண்ணாக்குத் தண்ணீரிலேயே வளர்த்துவிடலாமா? பெரிய கன்றுக்கு வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது, உடம்பு ஏறவில்லை. எதைக் கொடுத்தால் செலவு குறையும்?

பதில்: அம்மா, வணக்கம். கன்றுகளின் வயதைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பெரிய உதவி. உங்கள் கொட்டகையில் மூன்று கன்றுக்கும் மூன்று விதமான வயிறு. ஒரே அண்டாவில் ஊறிய பிண்ணாக்கை மூன்றுக்கும் ஊற்றுவதில்தான் உங்கள் காசு கரைகிறது. கடலைக்குப் பதிலாக எது என்ற கேள்விக்கு ஒவ்வொரு வயிற்றுக்கும் ஒவ்வொரு பதில் உண்டு. 25 நாள் கன்றுக்கு மட்டும் பாலைத் தவிர வேறு பதில் இல்லை. அதையே முதலில் பேசிவிடுவோம்.

மாட்டுக்கு நான்கு வயிறு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பிறந்த கன்றிடம் அந்த நான்கில் வேலை செய்வது கடைசி வயிறு ஒன்றுதான். மொத்த வயிற்றில் பாதிக்கு மேல் அதுவே இருக்கும். அசைபோட உதவும் முதல் வயிறு அப்போது சுருங்கிய பை மாதிரி கிடக்கும். கன்று பால் குடிக்கும்போது தொண்டைக்குக் கீழே ஒரு மடிப்பு குழாய் போல மூடிக்கொண்டு, பாலை முதல் வயிற்றில் விழவிடாமல் நேராக நான்காம் வயிற்றுக்குக் கொண்டுபோகிறது. அங்கே பால் சில நிமிடங்களில் தயிர்க்கட்டி போல உறைகிறது. உறைந்த கட்டி மெதுவாகக் கரைந்து, மணிக்கணக்கில் கன்றுக்குப் புரதத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பிண்ணாக்குத் தண்ணீர் அப்படி உறையாது. கடலையோ சோயாவோ, செடியிலிருந்து வரும் புரதத்தை உடைக்க வேண்டிய சுரப்புகள் முதல் மூன்று நான்கு வாரங்களில் கன்றின் குடலில் போதிய அளவு இருக்காது. அதனால் அது செரிக்காமல் குடலுக்கு இறங்கும். அங்கே இருக்கும் கிருமிகளுக்குத்தான் விருந்து. மறுநாள் கழிச்சல். வடிகஞ்சியின் மாவுச்சத்தும் அந்த வயதில் இதே கதைதான். என்னிடம் கழிச்சலோடு வரும் கன்றுகளில், "பால் கம்மி பண்ணிட்டு கஞ்சி ஊத்தினோம் சார்" என்று சொல்லப்படாத கன்று குறைவு.

உங்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. 25 நாள் கன்று சுமார் 32 கிலோ இருக்கும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்றால் நாளைக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேல். உங்கள் விலைக்கு 180, 190 ரூபாய். ஒவ்வொரு நாளும் அந்தக் காசு கன்றின் வாய்க்குள் போவது கண்ணுக்குத் தெரிகிறது, உறுத்துகிறது. ஆனால் இது எத்தனை நாளைக்கு? முதல் நான்கு வாரம் பத்தில் ஒரு பங்கு, அடுத்த இரண்டு வாரம் பதினைந்தில் ஒரு பங்கு, கடைசி இரண்டு வாரம் இருபதில் ஒரு பங்கு என்று குறைத்துக்கொண்டே வந்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 140 லிட்டர். 8,400 ரூபாய். உங்கள் கன்று பாதி தூரம் வந்துவிட்டது. இந்த இடத்தில் பாலைப் பிடுங்கிக்கொண்டால் கன்று செத்துவிடாமல் இருந்தாலும், சினை ஊசி போடும் எடைக்கு வர ஏழெட்டு மாதம் பிந்தும். அந்த ஏழெட்டு மாதம் அது சும்மா தின்னும் தீவனத்துக்கு 8,400 ரூபாய் எம்மாத்திரம்.

எனவே பாலைத் தொடருங்கள். பாலை விரைவில் நிறுத்தும் வழி வேறொன்று இருக்கிறது, அது உங்கள் கையில்தான் இருக்கிறது: அந்தக் கன்றின் முதல் வயிற்றைச் சீக்கிரம் எழுப்பிவிடுவது. அதற்கு வேண்டியது ஊறவைக்காத, கொரகொரப்பான, உலர்ந்த கன்றுத் தீவனம். அப்புறம் வாளியில் நல்ல தண்ணீர்.

நம் ஊரில் பிண்ணாக்கு என்றாலே ஊறவைக்க வேண்டும் என்பது கைப்பழக்கம். பாட்டி ஊறவைத்தார், அம்மா ஊறவைத்தார், நாமும் ஊறவைக்கிறோம். பெரிய மாட்டுக்கு அதில் தீங்கில்லை. கன்றுக்கு வேண்டாம். சென்னை வெயிலில் காலையில் ஊறவைத்தது பத்து மணிக்குப் புளிக்க ஆரம்பித்துவிடும். ஓரத்தில் ஈ மொய்க்கும். அதைவிட முக்கியமாக, உலர்ந்த தானியத்தைக் கன்று மென்று விழுங்கும்போதுதான் அது முதல் வயிற்றில் தங்கும். அங்கே நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்கள்தான் வயிற்றின் உள்சுவரில் சின்னச் சின்ன இதழ்களை முளைக்கவைக்கின்றன. இரண்டு மாதம் வெறும் பாலில் வளர்ந்த கன்றின் வயிற்றையும், இரண்டாவது வாரத்திலிருந்தே தீவனம் கொறித்த கன்றின் வயிற்றையும் கல்லூரி நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். முதலாவது வழுவழுவென்று வெளுத்த தோல். இரண்டாவது கருத்து, தேங்காய்ப்பூத் துவாலையைத் தொட்ட மாதிரி இருந்தது. இலை தழையையும் பிண்ணாக்கையும் பயன்படுத்திக்கொள்ளப்போவது அந்த இரண்டாவது வயிறுதான்.

செய்முறை எளிது. பால் குடித்து முடித்ததும் கன்று நாக்கைச் சுழற்றிக்கொண்டு எதையாவது சப்பத் தேடும். அந்த நேரத்தில் ஒரு பிடி உலர்ந்த தீவனத்தை உள்ளங்கையில் வைத்து அதன் வாய்க்குள் தடவிவிடுங்கள். நாலைந்து நாளில் தானாகக் கிண்ணத்தைத் தேடிப் போகும். தினமும் பழையதைக் கொட்டிவிட்டு — பெரிய மாட்டுக்குப் போட்டுவிடுங்கள், வீணாகாது — புதிதாக வையுங்கள். தண்ணீர் வாளியைப் பக்கத்திலேயே வையுங்கள். பால் முதல் வயிற்றைத் தாண்டிப் போய்விடும் என்றேனே, தண்ணீர்தான் அங்கே போய் நிற்கும். தண்ணீர் இல்லாமல் உள்ளே எதுவும் நொதிக்காது. நாளைக்கு 700, 800 கிராம் தீவனத்தை மூன்று நாள் தொடர்ந்து தின்றுவிட்டது என்றால், இரண்டு மாதம் ஆகக் கொஞ்சம் நாள் இருந்தாலும் பாலை நிறுத்தலாம். பால் காசு மிச்சமாகும் வழி இதுதான்.

சரி, அந்தத் தீவனத்தில் என்ன போடுவது? இங்கேதான் நீங்கள் கேட்ட பொருட்கள் வருகின்றன. கடைக்காரர் சொல்லும் கிலோ விலையைக் கொஞ்சம் மறந்துவிட்டு, 100 கிராம் புரதம் என்ன விலைக்கு வருகிறது என்று பாருங்கள். கடலைப் பிண்ணாக்கில் கிலோவுக்குச் சுமார் 420 கிராம் புரதம். உங்கள் 60 ரூபாய்க்கு, 100 கிராம் புரதம் 14 ரூபாய் சொச்சம். சோயா பிண்ணாக்கில் 450 கிராம். 11 ரூபாய் 60 காசுதான் ஆகிறது. தேங்காய்ப் பிண்ணாக்கு 38 ரூபாய் என்று மலிவாகத் தெரிகிறது, ஆனால் அதில் புரதம் 210 கிராம்தான். 18 ரூபாய் விழுகிறது. உளுந்தம்பொட்டு 15 ரூபாய் 60 காசு. பார்லிச் சக்கை 9 ரூபாய்தானே என்று ஆசையாக இருக்கும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ ஈரச் சக்கையில் 60 கிராம் புரதம் இருந்தால் பெரிய விஷயம்; அதுவும் 15 ரூபாய்க்கு வந்து நிற்கிறது. இரண்டு நாளில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும் பொருளுக்கு அந்த விலை அதிகம். கறவை மாடு நான்கு இருப்பதால் வாங்கின அன்றே அவற்றுக்குப் போட்டுத் தீர்க்க முடிந்தால் வாங்குங்கள். கன்றுக்கு என்று வாங்காதீர்கள்.

இந்தக் கணக்கில் சோயா முந்துகிறது. விலை மாறும்போது நீங்களே இதேபோல் போட்டுப் பாருங்கள். சில மாதங்களில் கடலையே முந்தும். சோயாவில் கன்று வளர்ச்சிக்கு வேண்டிய லைசின் என்ற அமினோ அமிலமும் கடலையைவிடக் கூடுதல். ஒரே ஒரு எச்சரிக்கை: எண்ணெய் எடுத்து, சூட்டில் வெந்து வந்த சோயா பிண்ணாக்குதான் வாங்க வேண்டும். பச்சைச் சோயா மொச்சையை உடைத்துப் போட்டால், அதில் இருக்கும் ஒரு பொருள் புரதச் செரிமானத்தையே தடுத்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று அதை எடுத்துவிடாதீர்கள்.

சின்னது இரண்டுக்கும், அதாவது 25 நாள் கன்றுக்கும் 4 மாதக் கன்றுக்கும், பத்து கிலோ கலவை இப்படி: மக்காச்சோளம் 4 கிலோ 200 கிராம், ரவையைவிடப் பெரிய குருணையாக உடைத்தது. சோயா பிண்ணாக்கு 2 கிலோ. கடலைப் பிண்ணாக்கு ஒன்றரைக் கிலோ. கோதுமைத் தவிடு ஒன்றரைக் கிலோ. உளுந்தம்பொட்டு அரைக் கிலோ. தாது உப்புக் கலவை 200 கிராம், சாப்பாட்டு உப்பு 100 கிராம். புரதம் நூற்றுக்கு 22 வரும். கன்றுத் தீவனத்துக்கு 20 முதல் 24 வரை இருந்தால் போதும். கடலையை முழுதாக நீக்காமல் கொஞ்சம் வைத்திருப்பது ருசிக்காக. உங்கள் கன்றுகள் அந்த வாசனைக்குப் பழகியவை. திடீரென்று மாற்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாற்றுவதையும் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். 4 மாதக் கன்று நாளைக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் தின்னட்டும், கூடவே நல்ல பச்சைப்புல். கஞ்சி அதற்கும் வேண்டாம்.

பத்து கிலோவில் கடலைக்குப் பதில் இரண்டு கிலோ சோயா போட்டதால் மிச்சம் 16 ரூபாய்தான். உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். சின்னக் கன்றுகளின் தீவனத்தில் காசு மிச்சம் பிடிக்கப் பெரிய இடமில்லை, அதுதான் நிலவரம். காசு மிச்சமாகும் இடம் 9 மாதக் கன்று. அதற்கு வருவதற்கு முன், நீங்கள் கேட்ட மற்றவற்றை ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன்.

யூரியா: ஆறு மாதத்துக்குக் கீழே எந்தக் கன்றுக்கும் கூடவே கூடாது. யூரியா புரதம் அல்ல. வளர்ந்த மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைப் புரதமாக்குகின்றன. அந்த நுண்ணுயிர்ப் பட்டாளம் முழுதாக வளராத வயிற்றில் அது புரதமாகாமல் அம்மோனியாவாகி இரத்தத்தில் கலந்துவிடும். நடுங்கி, நுரை தள்ளி விழுந்த மாட்டை நான் பார்த்திருக்கிறேன். காப்பாற்ற நேரமே கிடைக்காது. உங்கள் 9 மாதக் கன்றுக்கும் வீட்டில் கையால் அள்ளிக் கலக்கும் யூரியா வேண்டாம். ஒரு பிடி ஓரிடத்தில் கூடிவிட்டால் முடிந்தது.

பருத்திக்கொட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் யாராவது அடுத்து அதைச் சொல்வார்கள். அதில் காசிபால் என்ற நச்சு உண்டு. வளர்ந்த மாடு தன் முதல் வயிற்றிலேயே அதைக் கட்டிப்போட்டுவிடும், இளங்கன்றால் முடியாது. இதயத்தைத் தாக்கும். கறவை மாட்டோடு அது நிற்கட்டும்.

மீன் கழிவு. காசிமேட்டில் ஏலம் முடிந்தபின் கூடை கூடையாகக் கிடைக்கும், தெரியும். பழைய கன்றுத் தீவனக் குறிப்புகளில் பத்தில் ஒரு பங்கு வரை மீன் தூள் இருந்ததும் உண்மைதான். ஆனால் அது உப்புப் போடாமல், புத்தம் புதிய மீனை ஆலையில் வேகவைத்து, எண்ணெய் எடுத்து, உலர்த்தி அரைத்த தூள். தலையும் குடலும் சேர்ந்த கழிவை மொட்டை மாடியில் காயவைத்தால் அதில் மணல், அழுகல், கிருமி மூன்றும் இருக்கும். கருவாட்டுத் தூளாக வாங்கினால் உப்பு. கன்றுக்கு உப்பு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை ஒரு தடவை பார்த்தால் போதும், மறுபடி அந்தப் பக்கம் போகமாட்டீர்கள். அண்ணனிடம் வீட்டுக்கு மீன் மட்டும் வாங்குங்கள்.

இதோடு இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இறைச்சிக் கடைக் கழிவு, எலும்புத் தூள், இரத்தத் தூள் இவையும் "புரதம்" என்ற பெயரில் மலிவாக வரும். கறவைக் கால்நடைகளுக்கு இவை கலந்த தீவனம் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியே இருக்கிறது. பிரிட்டனில் மாடுகளுக்கு இறைச்சி எலும்புத் தூள் போட்டு வளர்த்ததில் ‘மேட் கவ்’ எனப்படும் மூளை நோய் பரவியது. 1986-இல் கண்டுபிடித்தார்கள், 1988-இல் அந்தத் தீவனத்தைத் தடை செய்தார்கள். அதற்குள் பரவிவிட்ட நோயில் லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் போயின, மனிதர்களுக்கும் வந்தது. எதைப் பிடித்து மாட்டுக்குப் போட்டாலும் புரதம் புரதம்தானே என்று நினைத்ததற்கு அந்த நாடு கொடுத்த விலை அது.

அசோலாவுக்கு வருகிறேன். எனக்கு அசோலா பிடிக்கும். கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரத்தார் அதைச் சிறு விவசாயிகளின் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள், பல வீடுகளில் நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் "அசோலா இருந்தால் பிண்ணாக்கே வேண்டாம்" என்று சொன்னவர், காய்ந்த அசோலாவின் கணக்கைப் பச்சை அசோலாவுக்குச் சொல்லியிருக்கிறார். காயவைத்தால் நூற்றுக்கு 20, 25 பங்கு புரதம், அது சரி. பச்சையாக அள்ளும்போது 100 கிராமில் 94 கிராம் தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் 14 கிராம் புரதம்தான் தேறும். இரண்டு கிலோ அள்ளிப் போட்டாலும் 70 கிராம் கடலைப் பிண்ணாக்குக்குத்தான் சமம். வைட்டமினுக்கும் தாதுச் சத்துக்கும் பெரிய கன்றுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ கொடுங்கள், உடம்புக்கு நல்லது. பிண்ணாக்கின் இடத்தை அது பிடிக்காது.

மாத்தூரில் இருப்பதால் உங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வார்த்தை. அசோலா தண்ணீரில் இருக்கும் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துவைத்துக்கொள்ளும் செடி. கழிவு நீரைச் சுத்தம் செய்யவே அதைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். மணலி ஆலைகளைச் சுற்றிய நிலத்தடி நீர் எப்படி இருக்கிறதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் குடிக்க யோசிக்கும் போர் தண்ணீரில் அசோலா வளர்க்காதீர்கள். மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்தோ லாரித் தண்ணீரிலோ வளர்க்க முடிந்தால் வளருங்கள். பச்சை நிழல்வலை கட்டாயம், கத்திரி வெயிலில் ஒரே வாரத்தில் சிவந்து கருகிவிடும். இதே காரணத்தால்தான் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கைச் சுற்றியும் அறுத்துவரும் நீர்ப்புல்லையும் நான் வேண்டாம் என்கிறேன். செழிப்பாக, கரும்பச்சையாக இருக்கும். என்ன தண்ணீரைக் குடித்துச் செழித்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

இனி 9 மாதக் கன்று. வயிறு பானை, விலா எலும்பு எண்ணலாம், முடி சிலிர்த்து நிற்கும், முதுகில் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிகிறது. வைக்கோலும் கஞ்சியும் வயிற்றை நிரப்புகின்றன. தசையும் எலும்பும் வளரப் புரதம் போதவில்லை. கூடவே புழு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கன்றுக்குக் கடைசியாகப் புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. நீங்கள் 60 ரூபாய் கொடுத்து வாங்கும் பிண்ணாக்கு முதலில் போவது புழுவுக்கு. சாணியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ எடுத்துப் போங்கள். ஈரமான இடத்துப் புல் தின்ற கன்று என்றால் நத்தை வழியாக வரும் தட்டைப்புழுவும் இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, உருண்டைப் புழு மருந்து கேட்காது. அதனால்தான் கடையில் நீங்களாக ஏதோ ஒன்றை வாங்கி ஊற்றாமல் பரிசோதிக்கச் சொல்கிறேன். 25 நாள் கன்றுக்கும் இன்னும் முதல் தவணை கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். இளங்கன்றுப் புழு தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும். பத்துப் பதினைந்து நாளிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

இந்தக் கன்றின் முதல் வயிறு முழுதாக வேலை செய்கிறது. இலை தழையைப் புரதமாக்கும் ஆற்றல் அதற்கு வந்துவிட்டது. உங்களுக்குக் காசு மிச்சமாகப்போவது இங்கேதான். வேலியோரம் அகத்தி இருக்கிறதா? ஒரு கிலோ பச்சை அகத்தித் தழையில் சுமார் 50 கிராம் புரதம். அசோலாவைவிட மூன்று மடங்குக்கு மேல். நாளைக்கு மூன்று கிலோ போட்டால் 150 கிராம். அதைக் கடலைப் பிண்ணாக்காக வாங்கினால் 21 ரூபாய், மாதத்துக்கு 600 ரூபாய்க்கு மேல். மரம் இல்லை என்றால் வருகிற மழைக்கு ஊன்றுங்கள், மளமளவென்று வரும். நுனியை வெட்டாமல் பக்கக் கிளைகளை மட்டும் ஒடியுங்கள். மொட்டையடித்தால் அகத்தி பட்டுப்போகும். வெட்ட வெட்டத் தழைக்க வேண்டும் என்றால் வேலிமசால் என்ற தீவனப் பயிர்: விதைத்து 90 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 40 நாளுக்கு ஒரு தடவை. முருங்கைத் தழையும் நல்லது, அதிலும் புரதம் இதே கணக்குதான். சவுண்டல் (சூபாபுல்) தழை கிடைத்தால் பச்சைத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் முடி கொட்டும். கிளைரிசிடியா வாசனைக்குக் கன்று முகம் சுளிக்கும். அரை நாள் வாடவைத்துப் போட்டால் தின்றுவிடும்.

தழையோடு அடர்தீவனம் ஒன்றரைக் கிலோ வேண்டும். ஆனால் சின்னக் கன்றுகளின் கலவை இதற்கு வேண்டாம், நூற்றுக்கு 16 பங்கு புரதம் போதும். பத்து கிலோவுக்கு மக்காச்சோளம் மூன்றரைக் கிலோ, அரிசித் தவிடு இரண்டரைக் கிலோ, உளுந்தம்பொட்டு 1 கிலோ 700 கிராம், சோயா ஒரு கிலோ, தேங்காய்ப் பிண்ணாக்கு ஒரு கிலோ, தாது உப்பு 200 கிராம், உப்பு 100 கிராம். இதில் கடலைப் பிண்ணாக்கே இல்லை, பாருங்கள். தவிடு செங்குன்றம் அரிசி ஆலைகளிலிருந்து வருவதுதான் உங்கள் கடையிலும் இருக்கும். அன்றரைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் எடுக்காத தவிடு நாலு நாளில் சிக்கு வாடை அடிக்கும், உமி கலந்திருந்தால் உள்ளங்கையில் தேய்க்கும்போதே குத்தும். பருப்புப் பொட்டு விலை ஒரே மாதிரி நிற்காது. உளுந்து ஏறினால் துவரம்பொட்டு, பாசிப்பயற்றுப் பொட்டு எதையும் மாற்றிக்கொள்ளலாம்.

எந்தப் பிண்ணாக்காக இருந்தாலும் பூஞ்சை விஷயத்தில் இரக்கமே காட்டாதீர்கள். கடலைப் பிண்ணாக்கில் வரும் அஃப்ளாடாக்சின் நச்சுக்குப் பெரிய மாட்டைவிடக் கன்றின் ஈரல் சீக்கிரம் பலியாகும். தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு. எவ்வளவு நுணுக்கமான அளவு என்று பாருங்கள், கண்ணுக்குத் தெரியாது. ஊறவைத்தாலும் காய்ச்சினாலும் போகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு, மணலி பக்கம் ஒரு வீட்டில் நனைந்த கடலைப் பிண்ணாக்கு மூட்டையை வாசலில் காயவைத்திருந்தார்கள். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு கட்டியை உடைத்தேன். உள்ளே சாம்பல் பச்சையில் தூசு மாதிரி பறந்தது. "இவ்வளவு காசு போட்டது சார்" என்று அந்த அம்மா சொன்னபோது என்னால் அவரிடம் கடிந்து பேச முடியவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வாரமே அந்தத் தீவனத்தைத் தின்ன ஆரம்பித்திருந்த இரண்டு கன்றுகளில் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னொன்று இன்றும் தன் வயதுக்கு ஒரு பிடி குறைவாகவே நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பதினைந்து நாளுக்கு மேல் தேவைப்படாத அளவில் வாங்கிவையுங்கள். சந்தேகம் வந்தால் மாதவரம் பால் பண்ணையில் கால்நடை அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தான். தீவனத்தைப் பரிசோதிக்க எங்கே கொடுப்பது என்று அங்கே கேளுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் அதற்கென்று ஆய்வுக்கூடம் உண்டு.

கடைசியாக ஒரு வேலை. தையல் டேப் ஒன்று எடுத்து, கன்றை நேராக நிற்கவைத்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று பாருங்கள். தோள் முனையிலிருந்து வாலை ஒட்டிய பின் இடுப்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 40, நீளம் 36 என்றால் 87 கிலோ. மாதம் ஒரு தடவை, ஒரே நாளில், காலையில் தீவனம் போடும் முன் அளந்து, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். பெரிய கன்று மாதத்துக்கு 12 கிலோ ஏறினால் சரியான பாதையில் இருக்கிறது. 8 கிலோவுக்குக் கீழே நின்றால் தழையைக் கூட்டுவதற்கு முன் சாணியை மறுபடி பரிசோதியுங்கள். ஜெர்சி கலப்பினத்துக்கு 200, 220 கிலோ வந்த பிறகுதான் சினை ஊசி. வயது ஆகிவிட்டதே என்று அதற்கு முன் அவசரப்பட வேண்டாம்.

மூன்று கன்றின் அளவையும் இந்த வாரம் எடுத்து, இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டுப் பக்கத்தோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். பெரியதுக்கு அடர்தீவனத்தை இன்னும் எவ்வளவு குறைக்கலாம் என்று அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன்.